உப்புத் தண்ணியில் ஒரு தக்காளி: வீட்டுக் காய்க்கு ஏன் தனி ருசி?

எந்தத் தக்காளி நல்ல ருசி? இந்தக் கேள்வியை உங்க வீட்டுல ஒரு தடவை கேட்டுப் பாருங்க. ரசத்துக்கு நாட்டுத் தக்காளிதான்னு அம்மா சொல்லுவாங்க. "அது ஒரே புளிப்பு, சட்னிக்குப் பெங்களூர் தக்காளிதான் சரி"ன்னு அக்கா சொல்லுவா. ஆச்சியைக் கேட்டா, ரெண்டுலயுமே பழைய ருசி இல்லன்னு முடிச்சிடுவாங்க. இதுல வேடிக்கை என்னன்னா, மூணு பேர் சொல்றதுக்கும் அறிவியல்ல காரணம் இருக்கு.

நம்ம தூத்துக்குடியில இந்தப் பேச்சோட இன்னொரு பேச்சும் சேர்ந்து வரும். "மாடியில தக்காளி வச்சோம், போர் தண்ணி உப்பு, எல்லாம் கருகிப்போச்சு." இப்படிச் சொல்லி, தொட்டியை மூலையில கவுத்து வச்ச வீடுகள் நம்ம ஊர்ல நிறைய. உப்பளத்துக்குப் பேர்போன ஊர். நிலத்தடித் தண்ணியையே பாத்தியில விட்டு உப்பு எடுக்கிற இடம் இது. அந்த மண்ணுல தக்காளியான்னு கேட்கிறது நியாயமான கேள்விதான். ஆனா அதே உப்பு, ஒரு அளவுக்குள்ள இருந்தா, தக்காளிக்கு ருசியைக் கூட்டும். அந்த அளவு எவ்வளவு, அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ருசியை அளக்க முடியுமா?

ஒரு தக்காளியில் 94, 95 சதவீதம் தண்ணீர். நாம சண்டை போடுற ருசி மொத்தமும் மீதி 5, 6 சதவீதத்துக்குள்ள அடங்கிடுது. அதை நாலாப் பிரிச்சுப் பார்க்கலாம்.

முதலாவது சர்க்கரை. குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் சேர்ந்து அந்தத் திடப்பொருளில் ஏறக்குறைய பாதி.

ரெண்டாவது அமிலம். முக்கியமா சிட்ரிக் அமிலம், கொஞ்சம் மாலிக் அமிலம். சர்க்கரை, அமிலம் ரெண்டுமே கூடுதலா இருந்தா "நல்ல தக்காளி"ன்னு சொல்றோம். அமிலம் மட்டும் கூடினா புளிப்பு. சர்க்கரை மட்டும் கூடினா வெறும் இனிப்பு. ரெண்டுமே குறைஞ்சா, சப்புன்னு இருக்கு.

மூணாவது குளுட்டமேட். குழம்புக்கு ஒரு நிறைவைக் கொடுக்கிற சுவை இதுதான். 2007ல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தினர் செஞ்ச ஆய்வில், தக்காளியின் வெளிச்சதையைவிட விதையைச் சுற்றி இருக்கிற கொழகொழப்பான பகுதியில்தான் குளுட்டமேட் அதிகம்னு தெரிஞ்சது. விதையை வழிச்சு எறிஞ்சிட்டு சமைக்கிறவங்க, ருசியையும் சேர்த்துத்தான் எறியுறாங்க. கெட்டிச் சதையும் குறைஞ்ச சாறும் உள்ள தக்காளி ரசத்துக்கு ஏன் எடுபடலைங்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

நாலாவது மணம். தக்காளியிலிருந்து 400க்கும் மேற்பட்ட ஆவியாகும் சேர்மங்களைப் பிரிச்சிருக்காங்க. அதில் நம்ம மூக்குக்கு எட்டி, "இது தக்காளி"ன்னு சொல்ல வைக்கிறது இருபது, முப்பதுதான். நம்பலைன்னா மூக்கைப் பொத்திக்கிட்டு ஒரு துண்டு கடிச்சுப் பாருங்க. இனிப்பும் புளிப்பும் தெரியும். தக்காளி தெரியாது.

இந்த நாலுல அளக்கிறதுக்கு ரொம்ப எளிது முதலாவது. ரிஃப்ராக்டோமீட்டர்னு ஒரு கைக்கருவி இருக்கு. ஒளிவிலகல் எண்ணை வச்சு, சாறுல கரைஞ்சிருக்கிற பொருள் எவ்வளவுன்னு காட்டும். அந்த அலகுக்குப் பேர் பிரிக்ஸ். முதல் வருஷம் இயற்பியல் ஆய்வகத்துல படிச்ச அதே ஒளிவிலகல்தான். சாதாரணக் கடைத் தக்காளி 4, 5 பிரிக்ஸ் காட்டும். நல்ல செர்ரி தக்காளி 7 முதல் 9 வரை போகும்.

கடைத் தக்காளி ஏன் சப்புன்னு இருக்கு?

ஆச்சி சொல்ற "பழைய ருசி" வெறும் ஏக்கம் இல்லை. தக்காளி ரகத்தை உருவாக்குறவங்ககிட்ட கேட்கப்படுறது மூணு விஷயம்: விளைச்சல் கூடணும், லாரியில போனா நசுங்கக் கூடாது, பார்க்க ஒரே சீரா சிவந்து இருக்கணும். ருசி இந்தப் பட்டியலில் கடைசிக்குப் போயிடுது. நாம படிக்கிற ஆப்டிமைசேஷன் பாடத்துல, ஒரு மாறியை இலக்குச் சார்புல சேர்க்காம விட்டா அது எங்க வேணா போய் நிற்கும் இல்லையா? தக்காளியிலும் அதேதான்.

ஒரு உதாரணம் பாருங்க. நாட்டுத் தக்காளி காயா இருக்கும்போது காம்பைச் சுற்றி அடர் பச்சையா இருக்கும். பழுத்த பிறகும் தோள்பட்டையில கொஞ்சம் பச்சையோ மஞ்சளோ நிற்கும். சந்தைக்கு அது அழகா இல்லை. அதனால 70 வருஷத்துக்கும் மேல, காய் முழுக்க வெளிர் பச்சையா இருந்து ஒரே சீரா சிவக்கிற செடிகளையே தேர்ந்தெடுத்து வளர்த்தாங்க. 2012ல் சயின்ஸ் இதழில் வந்த ஒரு ஆய்வுதான் இதன் விலையைச் சொன்னது. அந்தப் பச்சைத் தோளுக்குக் காரணம் ஜிஎல்கே2 என்ற மரபணு. காயிலேயே பச்சையம் உள்ள கணிகங்களை நிறைய உண்டாக்குறது அதோட வேலை. அதாவது இலை அனுப்புற சர்க்கரை போக, காயே கொஞ்சம் சமைச்சுக்குது. சீரா சிவக்கிற ரகங்களில் அந்த மரபணு செயலிழந்து போச்சு. அழகு வந்தது, சர்க்கரை குறைஞ்சது.

2017ல் அதே இதழில் இன்னொரு ஆய்வு. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் டெனிஸ் டீமனும் ஹாரி க்ளீயும் சீன ஆய்வாளர்களோட சேர்ந்து 398 தக்காளி வகைகளின் மரபணுத் தொகுதியை ஆராய்ஞ்சாங்க. ஆட்களை வச்சு ருசிக்கவும் சொன்னாங்க. பழைய வகைகளோட ஒப்பிட்டா, இன்றைய வணிக ரகங்களில் 13 மணச் சேர்மங்கள் குறைஞ்சிருக்குன்னு முடிவு வந்தது. பழம் பெருசாகப் பெருசாகச் சர்க்கரையின் அடர்த்தி குறையுதுன்னும் தெரிஞ்சது.

இதோட நம்ம வீட்டு ஃபிரிட்ஜும் கைவரிசை காட்டுது. 2016ல் வந்த ஆய்வுப்படி, தக்காளியை 5 டிகிரி செல்சியஸில் ஒரு வாரம் வச்சா, மணத்தை உண்டாக்குற மரபணுக்கள் அடங்கிப் போகுது. அப்புறம் வெளியே எடுத்து வச்சாலும் பழைய மணம் முழுசா திரும்புறதில்லை. சர்க்கரையும் அமிலமும் பெரிசா மாறலை, மணம்தான் போகுது. அதனால பழுத்த தக்காளியை ரெண்டு, மூணு நாளில் சமைக்கப் போறீங்கன்னா வெளியிலேயே வைங்க.

நம்ம பக்கம் இன்னும் பச்சைத் தோள் உள்ள ஒரு ரகம் சுலபமா கிடைக்குது: பி.கே.எம். 1. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில், தேனிப் பக்கத்து அன்னஞ்சி என்ற உள்ளூர் வகையில சடுதிமாற்றத்தைத் தூண்டி உருவாக்கினது. தட்டை உருண்டை, நல்ல புளிப்பு, சாறு அதிகம். நாட்டுத் தக்காளின்னு விற்கிறதுல இதுவும் உண்டு.

உப்பு என்ன செய்யுது?

இப்ப நம்ம ஊர் விஷயத்துக்கு வருவோம். பழத்துக்குத் தண்ணி வேரிலிருந்து ஒரு குழாய் வழியா வருது, சர்க்கரை இலையிலிருந்து இன்னொரு குழாய் வழியா வருது. வேரைச் சுற்றி உப்பு கூடினா, சவ்வூடுபரவல் அழுத்தத்தால செடிக்குத் தண்ணியை இழுக்கிறது கஷ்டம். பழத்துக்குப் போற தண்ணி குறையுது. சர்க்கரை வரத்து அந்த அளவுக்குக் குறையலை. விளைவு: பழம் சின்னது, உள்ள இருக்கிறது அடர்த்தி. பதநீரைக் காய்ச்சக் காய்ச்ச என்ன ஆகுதோ, கிட்டத்தட்ட அதேதான். உடன்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சுறதைப் பார்த்தவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம். பழம் உப்புக் கரிக்குமோன்னு பயப்பட வேண்டியதில்லை. இங்க நடக்கிறது பெரும்பாலும் தண்ணி குறையுற வேலை.

இதை வச்சே பேர் வாங்கின ஊர்கள் இருக்கு. ஜப்பானின் குமாமோட்டோ பகுதியில் யாட்சுஷிரோ என்ற இடம், கடலைத் தூர்த்து நிலமாக்கினது. மண்ணுல உப்பு. அங்க விளையுற சின்னத் தக்காளிக்குப் பேரே "உப்புத் தக்காளி". 8 பிரிக்ஸும் அதுக்கு மேலயும் இருக்கும், விலையும் அதிகம். இத்தாலியில் சிசிலித் தீவின் தென்கிழக்கு மூலையில் பாக்கினோ என்ற கடலோர ஊர். அங்கயும் கிணத்துத் தண்ணி உப்புத்தான். அந்தத் தக்காளிக்கு 2003ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு கிடைச்சது. நம்ம ஆத்தூர் வெத்தலைக்கும் உடன்குடிக் கருப்பட்டிக்கும் கிடைச்ச புவிசார் குறியீடு மாதிரி.

அப்ப போர் தண்ணியை அப்படியே ஊத்திடலாமான்னு கேட்டா, கூடாது. இங்கதான் கணக்கு வேணும்.

எவ்வளவு உப்பு தாங்கும்?

தண்ணியின் உப்பை மின்கடத்துத் திறனா அளப்பாங்க. அலகு டெசிசீமென்ஸ்/மீட்டர். கடல் தண்ணி சுமார் 50. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் பாசனக் கையேடு தக்காளிக்குச் சொல்ற கணக்கு இது: பாசனத் தண்ணி 1.7 வரை இருந்தா விளைச்சல் குறையாது. 2.3 ஆனா 10 சதவீதம் குறையும். 3.4 ஆனா கால்வாசி போயிடும். 5.0 ஆனா பாதிதான் மிஞ்சும்.

வீட்டுல இருக்கிற சின்ன டிடிஎஸ் மீட்டரும் மின்கடத்துத் திறனைத்தான் அளக்குது. பெரும்பாலான மலிவு மீட்டர்கள் அதைப் பாதியாக்கி பிபிஎம்னு காட்டும். அந்தக் கணக்குல 1.7 என்பது 850 பிபிஎம். 2.3 என்பது 1150. உங்க போர் தண்ணி இதுக்குள்ள வந்தா கவலையே வேண்டாம். தாண்டினா மாநகராட்சித் தண்ணியோ மழைத்தண்ணியோ கலந்துக்கலாம். போர் தண்ணி 2400 பிபிஎம், குழாய்த் தண்ணி 200 பிபிஎம்னு வைங்க. ஒரு பக்கெட்டுக்கு மூணு பக்கெட் கலந்தா (2400 + 600) ÷ 4 = 750. முடிஞ்சது. ஆர்.ஓ. கழிவுத் தண்ணியைச் செடிக்கு ஊத்தலாமான்னு கேட்கிறவங்களுக்கும் இதே பதில்தான்: மீட்டரை வச்சுப் பாருங்க, தேவைப்பட்டா கலந்து ஊத்துங்க.

கவனிக்க வேண்டியது மூணு.

ஒண்ணு, தொட்டியில உப்பு சேர்ந்துக்கிட்டே போகும். வெயில் தண்ணியை மட்டும்தான் கொண்டு போகுது, உப்பு மண்ணுலயே தங்குது. உப்பளத்துல நடக்கிறதும் இதுதானே. அதனால ஒவ்வொரு தடவையும் ஊத்துறதுல ஆறில் ஒரு பங்காவது அடித்துளை வழியா வெளியே வடியணும். ஐப்பசி, கார்த்திகை மழையில தொட்டியைத் திறந்த இடத்துல வச்சா சேர்ந்த உப்பு நல்லா கழுவிப் போகும்.

ரெண்டு, தென்னைநார்க் கழிவு. இயல்பாவே அதில் உப்பு உண்டு. நல்ல தண்ணியில ரெண்டு, மூணு தடவை ஊற வச்சுப் பிழிஞ்சு எடுக்காம தொட்டியில போட்டா, பழியைப் போர் தண்ணி மேல போடுவீங்க.

மூணு, பழத்தின் அடிப்பக்கம் கருத்து அழுகினா அது பெரும்பாலும் நோய் இல்லை, கால்சியம் எட்டாத குறை. கால்சியம் தண்ணிக் குழாய் வழியாத்தான் வருது. உப்பால தண்ணி குறைஞ்சா அதுவும் குறையும். இது தெரிஞ்சா உப்பைக் குறைக்கிற நேரம் வந்தாச்சுன்னு அர்த்தம்.

நல்ல தண்ணி வர்ற வீட்டுக்காரங்க வருத்தப்பட வேண்டாம். காய் பழுக்கத் தொடங்கினதும் செடி வாடாத அளவுக்குத் தண்ணியைக் குறைச்சா, இதே விளைவு ஓரளவு கிடைக்கும். செடி பிஞ்சா இருக்கும்போது மட்டும் இந்தச் சோதனை வேண்டாம்.

மத்த காய்கள்?

எல்லாக் காயும் தக்காளி மாதிரி தாங்காது. வேர்மண்ணுல இருக்கிற ஈரத்தின் உப்பை வச்சு (இது பாசனத் தண்ணியின் அளவைவிடக் கூடுதலா இருக்கும்) விளைச்சல் குறைய ஆரம்பிக்கிற எல்லையை இப்படிச் சொல்றாங்க: தக்காளி 2.5, மிளகாய் 1.5, வெங்காயமும் முள்ளங்கியும் 1.2, கத்தரி 1.1, பீன்ஸ் 1.0. ஆனா தட்டைப்பயறு 4.9, சீனியவரை 8.8! மத்த ஊர்ல கொத்தவரங்காய்னு சொல்ற நம்ம சீனியவரைதான். போர் தண்ணி ரொம்ப உப்புன்னா தக்காளிக்கு முன்னாடி சீனியவரையைப் போடுங்க. பிஞ்சுல பறிச்சா கசப்பும் நாரும் இல்லாம இருக்கும். கடையில பிஞ்சு கிடைக்கிறதே அபூர்வம்.

கத்தரிக்கு நல்ல தண்ணி வேணும். ஆனா நம்ம மாவட்டத்துக்குன்னே ஒரு ரகம் உண்டு: கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி வெளியிட்ட கே.கே.எம். 1. குளத்தூர் வட்டார வகையிலிருந்து தேர்ந்தெடுத்தது. முட்டை வடிவம், பால் வெள்ளை, கொத்துக் கொத்தா காய்க்கும். ஊதா நிறமி இல்லாததால வெள்ளை. கூட்டாஞ்சோத்துக்கு வெள்ளைக் கத்தரியா ஊதாவா என்பதை உங்க வீட்டுப் பஞ்சாயத்துக்கே விட்டுடுறேன். எதுவானாலும் விதை முத்துறதுக்கு முன்னாடி பறிக்கணும், முத்தினா கசக்கும்.

முருங்கைக்கு நம்ம ஊர்ப் பெருமை ஒண்ணு இருக்கு. தமிழ்நாடு முழுக்கப் பரவின பி.கே.எம். 1 செடிமுருங்கையின் தாய்வழி, நம்ம எப்போதும்வென்றான் ஊர் வகைதான். அதைத் தொடர்ந்து தற்சேர்க்கை செஞ்சு பெரியகுளத்துல ரகமாக்கினாங்க. மீன் குழம்புல முருங்கைக்காய் போடுறவங்களுக்கு இது ஒரு உபரித் தகவல்.

வெண்டைக்கு விஷயம் ரகத்துல இல்லை, நாள்ல இருக்கு. பூ விரிஞ்சு அஞ்சு, ஆறு நாள்ல பறிச்சா நுனி பட்டுன்னு ஒடியும். ரெண்டு நாள் தள்ளினா நார். கடைக்குப் போற காய்க்கு அந்த நாள் கணக்கு நம்ம கையில இல்லை. மாடியில இருந்தா இருக்கு.

நாக்குக்கு நாக்கு வேற

இவ்வளவுக்குப் பிறகும் உங்களுக்குப் பிடிச்சது எனக்குப் பிடிக்காம போகலாம். 1931ல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் பிடிசி என்ற பொடியைக் கையாளும்போது, பக்கத்துல இருந்தவருக்கு அது கசந்தது, அவருக்கு ஒண்ணுமே தெரியலை. அந்த வேறுபாட்டுக்குக் காரணமான கசப்பு உணர்வி மரபணுவை (டிஏஎஸ்2ஆர்38) பின்னாளில் கண்டுபிடிச்சாங்க. முட்டைக்கோஸ், முள்ளங்கி குடும்பத்துக் கசப்பு சிலருக்கு மட்டும் தூக்கலாத் தெரியுறதுக்கு இதுவும் காரணம். கொத்தமல்லி இலை சிலருக்கு சோப்பு வாசனை அடிக்கிறதுக்கும் ஒரு மணஉணர்வி மரபணு பங்கு இருக்குன்னு 2012ல் கண்டாங்க. சாப்பிட மாட்டேங்கிற தம்பியை அடுத்த தடவை திட்டுறதுக்கு முன்னாடி இதை நினைச்சுக்கோங்க.

இதோட சமையலும் சேருது. ரசத்துக்குப் புளிப்பும் சாறும் வேணும். புளி ஊத்துற மீன் குழம்புல தக்காளியின் அமிலம் பெரிசில்லை, குளுட்டமேட்தான் வேலை செய்யுது. புரோட்டா சால்னாவுக்குக் கெட்டிச் சதை உதவும். பச்சையா உப்பு, மிளகுத்தூள் தொட்டுச் சாப்பிட, உப்புத் தண்ணியில விளைஞ்ச சின்னப் பழத்தை எதுவும் அடிச்சுக்க முடியாது. இது என் ஓட்டு. அக்காவும் அம்மாவும் சண்டை போட்டது ஒரே பழத்தைப் பத்தி இல்லை, வேற வேற சமையலைப் பத்தி.

ஆரம்பிக்கிறவங்களுக்கு

ஐப்பசியில விதை போட்டா தை, மாசியில பழம் பார்க்கலாம். பங்குனி வெயிலுக்கு முன்னாடி முடிச்சிடுறது நல்லது. பகல் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டி ராத்திரியும் புழுக்கமா இருந்தா பூ உதிரும், சிவப்பு நிறமியும் சரியா உருவாகாது.

கலப்பின விதையிலிருந்து எடுத்த விதை அடுத்த தலைமுறையில தாய் மாதிரியே வராது. பி.கே.எம். 1 மாதிரி ரகங்களில் வரும், ஏன்னா தக்காளி பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கைதான். உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பழத்தின் விதையைச் சாறோட ரெண்டு நாள் புளிக்க வச்சு, கழுவி, நிழலில் உலர்த்தி, பேர் எழுதி வைங்க. உங்க தண்ணிக்குத் தாக்குப்பிடிச்ச செடியிலிருந்து வருஷா வருஷம் விதை எடுக்கிறவங்ககிட்டதான் ஒரு ஊரின் வகைகள் மிஞ்சும். அன்னஞ்சியிலும் குளத்தூரிலும் எப்போதும்வென்றானிலும் யாரோ அப்படி எடுத்து வச்சதாலதான் இன்னைக்கு அந்த ரகங்கள் இருக்கு.

கடைசியா ஒரு சோதனை. "வீட்டுத் தக்காளிதான் ருசி"ன்னு சொல்றது உண்மையா, பாசமா? மூணு கிண்ணம் எடுங்க. ரெண்டுல ஒரே தக்காளி, ஒண்ணுல வேற. கண்ணைக் கட்டி, வித்தியாசமானது எதுன்னு கேளுங்க. குருட்டாம்போக்கில் சொன்னாலே மூணில் ஒருத்தர் சரியாச் சொல்லிடுவாங்க. 12 பேரில் 8 பேராவது சரியாச் சொன்னா வித்தியாசம் உண்மைன்னு எடுத்துக்கலாம். விடுதியில 12 பேர் கிடைக்கிறது கஷ்டமில்லை. தக்காளிக்கு மட்டும் மூணு மாசம் பொறுக்கணும். செஞ்சு பார்த்தா, உங்க தண்ணியின் பிபிஎம் அளவையும் 12ல் எத்தனை வந்ததுன்னும் நம்ம இதழுக்கு எழுதுங்க. எந்தத் தெருத் தண்ணியில எந்தக் காய் ருசின்னு நம்ம ஊருக்கு ஒரு பட்டியல் போட்டுடலாம்.